ஷாட்கட்டும் அப்பத்தாவின் உதடுகளும்: மூன்றாண்டு அனுபவம்

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் மைத்துனர், மகளின் காதணி விழாவை நான்கு கைபேசிகளில் எடுத்த துண்டுகளை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, "எதுல வெட்டி ஒட்டலாம் மாப்ள, காசு கேக்காததா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வராது. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஷாட்கட் மென்பொருளில்தான் எங்கள் வீட்டுக் காணொளிகளைத் தொகுத்து வருகிறேன். அதன்மேல் எனக்குள்ள மதிப்பும் குறையவில்லை, எரிச்சலும் தீரவில்லை.

அது இலவசம், திறந்த மூலம் (அதன் நிரல் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கிறது), கணக்குத் தொடங்கச் சொல்லாது, முடித்த படத்தின்மேல் தன் பெயரைப் பொறிக்காது என்பதெல்லாம் பலரும் அறிந்ததே. 2017 ஜனவரியில் தன் இலவசத் தொகுப்பு மென்பொருளான மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகு எதையெதையோ முயன்று, கடைசியில் ஒரு மென்பொருள் என் தங்கையின் கல்யாணப் படத்தில் தாலி கட்டும் இடத்தில் சரியாக நடுவே தன் முத்திரையைக் குத்திவைத்த பிறகே இதற்கு வந்து சேர்ந்தேன். டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பு இதைவிடப் பல மடங்கு வல்லமை உடையது. ஆனால் அதற்கு 16 ஜிபி நினைவகம் இருப்பது நல்லது என்கிறார்கள், என் மடிக்கணினியில் இருப்பதோ 8.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். கைபேசியில் எடுத்த கோப்பை உள்ளே இழுத்துப் போட்டதும், சோதனைச் சாவடியில் கை காட்டி நிறுத்துவதுபோல ஒரு சாளரம் வந்து நிற்கும்: இந்தக் கோப்பின் ஃபிரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு, சீராக இல்லை, தொகுப்பதற்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கும். தொடக்கத்தில் நான் அதைப் படிக்கக்கூட இல்லை. வேண்டாம் என்று அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தேன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போன கதையை அப்பத்தா சொல்ல, பாம்பன் வீட்டுத் திண்ணையில் அந்தி மங்கும் நேரத்தில் 38 நிமிடம் ஒரே மூச்சாக எடுத்த காட்சியைத்தான் முதன்முதலில் அதில் தொகுத்தேன். முதல் சில நிமிடங்கள் ஒழுங்காக ஓடின. போகப் போக உதடு முன்னே போய், குரல் பின்னே வரத் தொடங்கியது. எல்லோரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பத்தாதான் முதலில் கண்டுபிடித்தார்: "ஏய்யா, நான் வாயை மூடுன பெறகுல்ல பேச்சு வருது?"

காரணத்தைப் பிறகு கற்றுக்கொண்டேன். வெளிச்சம் குறையும்போது, ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் ஒளி வேண்டும் என்பதற்காகக் கைபேசி நொடிக்கு முப்பது படம் என்ற கணக்கைத் தானே குறைத்துக்கொள்ளும். வெளிச்சம் கூடினால் மீண்டும் ஏற்றிக்கொள்ளும். ஒலிக்கு இந்தச் சங்கடம் இல்லை, அது ஒரே சீராகப் பதிவாகிக்கொண்டிருக்கும். ஆனால் தொகுக்கும் மென்பொருளில் துண்டுகளை வரிசையாக அடுக்கும் காலக்கோடு, நொடிக்கு இத்தனை படம் என்ற மாறாத அளவின்மேல் நிற்பது. அந்த அளவுக்குள் இந்தக் கோப்பை அப்படியே திணித்தால் படமும் ஒலியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துவிடும். ஆக, குற்றம் கைபேசியுடையது, எச்சரிக்கையைப் படிக்காத குற்றம் என்னுடையது. ஷாட்கட் சொன்னது சரி. சரியாகச் சொல்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் கோபத்தை மூட்டுகிறது.

ஏனென்றால் அது சொன்னபடி கேட்பதும் எளிதன்று. குட், பெட்டர், பெஸ்ட் என்று மூன்று படிகள் காட்டும். நான் முதல் படியையே தேர்ந்தெடுத்தும், அப்பத்தாவின் கோப்பு பல மடங்கு வீங்கி வட்டில் இருந்த இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டது. என் கணினிக்கு வயதாகிவிட்டதால் இரவு உட்கார்த்தி வைத்துவிட்டுப் படுக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை விடியற்காலையில் மின்சாரம் போய், மின்கலமும் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

இத்தனைக்குப் பிறகும் நான் அதைவிட்டுப் போகாததற்குக் காரணம், ஓர் எல்லைக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துவிடும் ஹை பாஸ் என்ற சிறிய ஒலி வடிகட்டி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் கரையில் எதை எடுத்தாலும் ஒலிவாங்கியில் ஒரு 'பொம்ம்' என்ற உறுமல் ஏறிவிடும். அந்த உறுமலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால், இந்த வடிகட்டியைப் போட்டு எல்லையை மெல்ல மேலே தள்ளிக்கொண்டே போனால், ஓரிடத்தில் காற்று சட்டென்று வடிந்து, பின்னால் கிணற்றடியில் அம்மா பாத்திரம் தேய்க்கும் ஓசைகூடக் கேட்கிறது. இன்னும் தள்ளினால் அப்பத்தாவின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும் என்பதால் காதைத் தீட்டிக்கொண்டு நகர்த்த வேண்டும். காற்று நேராக முகத்தில் அறைந்து ஒலி உடைந்துபோன இடங்களை எந்த வடிகட்டியாலும் மீட்க முடியாது. அதற்குக் கைபேசியைக் காற்றுக்கு முதுகு காட்டிப் பிடித்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 தொடக்கத்தில், சாலைப் பாலத்தில் நின்று, பழைய பாம்பன் பாலத்தில் இரயில் ஊர்ந்து போவதை எடுத்திருந்தேன். அந்த ஆண்டு டிசம்பரில் அதில் போக்குவரத்தே நின்றுபோனதால் அது இனி எடுக்கக் கிடைக்காத காட்சி. அது இருந்த கோப்புறையின் பெயரை நானே மாற்றிவிட்டு, பிறகு ஷாட்கட்டில் என் தொகுப்பு வேலையைச் சேமித்திருந்த திட்டக் கோப்பைத் திறந்தால் காட்சிகள் ஒன்றையும் காணவில்லை. திட்டக் கோப்பு காணொளியைத் தன்னுள் வைத்திருப்பதில்லை, அது இருக்கும் இடத்தை மட்டுமே குறித்து வைத்திருக்கிறது. நல்ல வேளையாக அது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து பழைய பெயருக்குப் பதில் புதிய பெயரை இட்டதும் எல்லாம் திரும்பி வந்தன. விலைக்கு வாங்கும் எத்தனை மென்பொருள்கள் இப்படித் தம் வயிற்றைத் திறந்து காட்டும்?

ஆயினும் மைத்துனருக்கு நான் ஷாட்கட்டைச் சொல்லப் போவதில்லை. அவருடைய கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது, அதனோடு கிளிப்சாம்ப் என்ற தொகுப்பு மென்பொருளும் வந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் 1080பி அளவில் முத்திரையில்லாமல் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அவர் கொடுத்தவற்றில் ஒன்றைத் தவிர எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடியும் துண்டுகள் என்பதால், உதடும் குரலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விலக வாய்ப்பு குறைவு. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினால் போதும் என்பவரிடம் ஃபிரேம் வேகத்தைப் பற்றிப் பாடம் நடத்தி என்ன ஆகப் போகிறது?

அந்த ஒன்று மட்டும், தாய்மாமன் சீர் வரிசை, 26 நிமிடம். அதை என்னிடமே வைத்துக்கொண்டேன். மாலை ஆறு மணிக்கு அந்தச் சாளரம் வந்தது, இந்த முறை மாற்றிக்கொள் என்றே அழுத்தினேன். இப்போது மணி ஒன்பதரை, 41 விழுக்காட்டில் நிற்கிறது.