தள்ளுவதா, இழுப்பதா? கன்டெய்னர் செயலியைத் தானாக ஏற்றும் வழிகள்

தானியங்கி டிப்ளாய்மென்ட்டுக்கு (புது கோடைச் சர்வரில் தானாக ஏற்றுவதற்கு) எந்த டூல் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சர்வர் எங்கே இருக்கிறது? கிட்ஹப் ஆக்ஷன்ஸா, கிட்லேப் சிஐயா, ஜென்கின்ஸா என்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம். செயலியையும் அதற்கு வேண்டியதையும் ஒரே பொட்டலமாக, அதாவது இமேஜாகக் கட்டி, டெஸ்ட் ஓட்டி, இமேஜ்களைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஏற்றுகிற வேலையை மூன்றுமே ஒழுங்காகச் செய்யும். கடைசிப் படியில்தான் வழி பிரிகிறது. புது இமேஜை வெளியிலிருந்து சர்வருக்குத் தள்ளலாம்; அல்லது சர்வரே வந்து இழுத்துக்கொள்ளலாம்.

எங்கள் கையில் இரண்டு வகையும் இருக்கின்றன. ஒன்று, புதுச்சேரி ஒயிட் டவுன் விடுதிகளுக்கான ரூம் புக்கிங். வாடகை விபிஎஸ்ஸில் (டேட்டா சென்டரில் இருக்கும் மெய்நிகர் சர்வர்), நிலையான பப்ளிக் ஐபியோடு ஓடுகிறது. இன்னொன்று, கடலூர் முதுநகரில் ஒரு மீன் வியாபாரியின் பில், கணக்கு. அது அவர் ஆபீஸ் மேசைக்கடியில் இருக்கும் மினி பிசியில் ஓடுகிறது. நெட் போனாலும் பில் போட முடிய வேண்டும் என்பது அவர் நிபந்தனை. இரண்டிலும் இமேஜைக் கன்டெய்னராக ஓட்டுவது டாக்கர் கம்போஸ்தான்.

விபிஎஸ்ஸுக்குத் தள்ளுவதே சரி. மெயின் கிளையில் மெர்ஜ் ஆனதும் ஆக்ஷன்ஸ் இமேஜைக் கட்டும், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக உள்ளே போய் புது இமேஜை எடுக்கச் சொல்லி கன்டெய்னரை மாற்றும். தோற்றால் அதே திரையில் சிவப்பாகத் தெரியும், லாகும் அங்கேயே இருக்கும். யார், எப்போது, எதை ஏற்றினார்கள் என்று தேட வேண்டியதில்லை. கம்போஸ் கட்டளையோடு 'வெயிட்' கொடியைச் சேர்த்தால், ஹெல்த் செக் (செயலி ஒழுங்காக ஓடுகிறதா என்ற சோதனை) தேறும் வரை காத்திருந்து, தேறாவிட்டால் ஜாபையே தோல்வி என்று காட்டும். வெள்ளி சாயங்காலம் சென்னை, பெங்களூர் கூட்டம் ரூம் தேடுகிற நேரத்தில் மட்டும் மெர்ஜ் செய்யாமல் இருந்தால் போதும்.

இதன் விலை பாதுகாப்பில் இருக்கிறது. கிட்ஹப் தருகிற ரன்னர்களின் (ஜாபை ஓட்டும் மிஷின்கள்) ஐபி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் எஸ்எஸ்எச் போர்ட்டை ஊருக்கே திறந்து வைக்க வேண்டியிருக்கும். டிப்ளாய் யூசரை டாக்கர் குரூப்பில் சேர்த்தால், அது ரூட் அதிகாரத்தை, அதாவது சர்வரின் முழு அதிகாரத்தையும் கொடுப்பதற்குச் சமம். அந்த யூசரின் சாவி கிட்ஹப் சீக்ரெட்டில் கிடக்கிறது! அதனால் சர்வரில் ஆதரைஸ்டு கீஸ் கோப்பில் அந்தச் சாவிக்கு முன்னால் ஒரே ஒரு டிப்ளாய் ஸ்கிரிப்டைக் கட்டாயக் கட்டளையாகப் போட்டு, டெர்மினலையும் போர்ட் ஃபார்வர்டிங்கையும் மூடிவிடுங்கள். சாவி யார் கையில் சிக்கினாலும் அதைக் கொண்டு அந்த ஸ்கிரிப்டை மட்டும்தான் ஓட்ட முடியும். ஹோஸ்ட் கீ சோதனையை (எதிரில் இருப்பது நம் சர்வர்தானா என்று பார்ப்பது) அணைத்துவிடச் சொல்லும் உதாரணங்கள் நிறையக் கிடைக்கும், காப்பி அடிக்காதீர்கள்.

முதுநகர் மினி பிசிக்கு இது எதுவும் செல்லாது. அங்குள்ள பிராட்பேண்டில் தனி பப்ளிக் ஐபி கிடையாது. பலருக்கும் ஒரே ஐபியைப் பங்கு போட்டுத் தருகிற இணைப்பு என்பதால் ரவுட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை. மிஷின்களைத் தனி நெட்வொர்க்கில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போல ஒரு டன்னல் போடலாம்தான். ஆனால் பார்த்துக்கொள்ள இன்னொரு சாமான் சேரும். உள்ளிருந்து வெளியே போகும் இணைப்புக்குத் தடை ஏதும் இல்லாததால், இழுப்பதே எளிது.

இழுப்பதிலும் இரண்டு வழி. கிட்ஹப்பின் செல்ஃப் ஹோஸ்டட் ரன்னரை அந்த மிஷினிலேயே நிறுவினால், வெளியே போகும் எச்டிடிபிஎஸ் இணைப்பிலேயே வேலையை வாங்கிக்கொள்ளும். பச்சை, சிவப்பு டிக் வசதியும் கிடைக்கும். பொது ரெப்போவில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். யாரோ அனுப்பும் புல் ரெக்வெஸ்ட்டின் கோட் உங்கள் மிஷினில் ஓடிவிடலாம். எங்களுக்கு இடித்தது வேறு இடம். ரன்னர் கிடைக்காமல் வரிசையில் நிற்கும் ஜாப் 24 மணி நேரத்தில் தோற்றுவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரையும் மூழ்கடித்தது. இந்தக் கரையில் ஒரு நாளுக்கு மேல் கரண்ட் இல்லாமல் போவதை விதிவிலக்காக வைத்து எதையும் திட்டமிட முடியாது.

ஆகவே அங்கே என் ஓட்டு, லினக்ஸில் குறித்த நேரத்துக்கு வேலையை ஓட்டும் சிஸ்டம்டி டைமருக்கு. தினமும் மதியம் 3 மணிக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ரெஜிஸ்ட்ரியைப் பார்க்கும், புது இமேஜ் இருந்தால் எடுத்து மாற்றும். நேரத்தை முடிவு செய்தது வியாபாரிதான்: "தம்பி, விடியக்காலைல ஏலம் நடக்கும்போது மட்டும் கைய வச்சிராதீங்க. மதியானத்துக்கு மேல உங்க இஷ்டம்." டைமரில் 'பெர்சிஸ்டன்ட்' என்று ஒரு வசதி உண்டு. தவறிப்போன வேளையை மிஷின் எழுந்ததும் ஓட்டிவிடும். கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் கரண்ட் திரும்புவது காலை 4 மணியாக இருந்தால்? அணைத்தே வையுங்கள், மதியம் 3 மணி எப்படியும் வரும். மிஷினில் ரெஜிஸ்ட்ரியைப் படிக்க மட்டும் அனுமதியுள்ள டோக்கன் போதும். குறை என்னவென்றால், ஏறியதா இல்லையா என்று நமக்குத் தெரியாது. ஸ்கிரிப்டின் கடைசியில் டெலிகிராமுக்கு ஒரு வரி அனுப்பச் சொல்வது அதற்குத்தான்.

இதே வேலைக்குப் பலர் சொல்லும் வாட்ச்டவரை நான் சேர்க்கவில்லை. வீட்டு லேபுக்கானது, வணிகப் பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்கவில்லை என்று அதன் ஆவணமே சொல்கிறது.

ஆர்கோ சிடி, ஃப்ளக்ஸ் இரண்டும் இழுக்கிற கட்சிதான், ஆனால் குபெர்னெட்டிஸ் (பல மிஷின்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் தளம்) வேண்டும். ஆர்கோ இயல்பாகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கிட்டைப் பார்க்கும்; ஆட்டோ சிங்கைப் போட்டிருந்தால், கிளஸ்டரை (குபெர்னெட்டிஸ் ஓடும் மிஷின்களின் தொகுப்பு) அதற்கு ஏற்பத் தானே சரிசெய்யும். கன்டெய்னர் மாறும்போது எங்களுக்கு விழும் சில நொடி இடைவெளி, புது கன்டெய்னர் தயாரா என்று பார்த்து (ரெடினஸ் சோதனை) ஒவ்வொன்றாக மாற்றும் (ரோலிங் அப்டேட்) குபெர்னெட்டிஸில் இருக்காது. பத்துப் பதினைந்து சர்வீஸ், ரெண்டு மூணு டீம் இருந்தால் யோசியுங்கள். ஒரு வெப் ஆப், ஒரு டேட்டாபேஸுக்கு வேண்டாம்.

எதை எடுத்தாலும் 'லேட்டஸ்ட்' டேகை (இமேஜின் பெயர்ச்சீட்டு) மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு இமேஜுக்கும் கமிட் எண்ணை டேகாகப் போடுங்கள். தள்ளும்போது பழைய எண்ணைக் கொடுத்தாலே பின்வாங்கியாயிற்று. இழுக்கும்போது, மிஷின் பார்க்கிற 'கடலூர்' என்ற டேகை ரெஜிஸ்ட்ரியில் பழைய இமேஜுக்குத் திருப்பினால் அடுத்த வேளைக்கு அது தானே பின்னால் போய்விடும். டேட்டாபேஸ் மட்டும் பின்னால் போகாது. டேபிளில் ஒரு நெடுவரிசையை நீக்கும் மைக்ரேஷனையும் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) அந்த நெடுவரிசையைப் பயன்படுத்தாத கோடையும் ஒரே ரிலீஸில் விடாதீர்கள். முதலில் கோட் போகட்டும், நீக்குவது அதற்கடுத்த ரிலீஸில்.