விடமாட்டே? ஒரு கட்டில், இரண்டு கங்கா

கல்யாணத்துக்கு நகை எடுக்கக் கிளம்புகிறாள் கங்கா. கணவன் நகுலன் வேண்டாம் என்கிறான். ஏன் என்று கேட்கிறாள். காரணம் சொல்லாமல் மறுபடியும் வேண்டாம் என்கிறான். எல்லா வீட்டிலும் மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்கிற சண்டைதான். ஆனால் இந்தச் சண்டை முடிவதற்குள் அவள் கனத்த மரக்கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

1993 டிசம்பரில் வந்த ஃபாசிலின் 'மணிச்சித்ரத்தாழ்' மலையாளப் படக் காட்சி இது. 2005 ஏப்ரல் 14 அன்று வந்த பி.வாசுவின் 'சந்திரமுகி'யிலும் இதே காட்சி உண்டு. அதே கங்கா, அதே கட்டில், கணவன் பெயர் மட்டும் செந்தில்நாதன். கங்காவாக நடித்ததில் அங்கே ஷோபனாவா இங்கே ஜோதிகாவா என்ற பட்டிமன்றம் அன்றிலிருந்து ஓய்ந்தபாடில்லை. அதில் எனக்கு ஆர்வம் இல்லை, இரண்டு பேருமே உழைத்து நடித்தவர்கள். என்னைக் குடைவது வேறு. ஒரே காட்சி, ஒன்றில் வயிற்றைப் பிசைகிறது, இன்னொன்றில் விசிலடிக்க வைக்கிறது. நடிப்பை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தால்தான் அதற்கு விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் இரண்டுக்கும் பொதுவானதைச் சொல்லிவிடலாம். இந்தக் காட்சி வருவதற்கு முன்பே மனநல மருத்துவர் (அங்கே மோகன்லாலின் சன்னி, இங்கே ரஜினியின் சரவணன்) செத்துப்போன ஒரு நடனக்காரியாக (அங்கே நாகவல்லி, இங்கே சந்திரமுகி) தன்னை நினைத்துக்கொள்ளும் நோய் யாருக்கு என்பதை, கங்காவின் கணவனான தன் நண்பனிடம் சொல்லிவிடுகிறார். நண்பன் நம்பவில்லை. அப்படியென்றால் அவளைத் தடுத்துப் பார், தெரியும் என்கிறார். ஆக, கட்டில் காட்சி ஒரு பரிசோதனை. என்ன வரப்போகிறது என்பது கணவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். எப்போது வரும் என்பதுதான் தெரியாது. இந்த 'எப்போது'வை எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்பதில்தான் இயக்குநரின் கைவண்ணம் இருக்கிறது.

ஃபாசில் இழுக்கிறார். கங்காவின் முதல் பதில் ஒரு மனைவியின் பதில், அவ்வளவுதான். பிறகு கொஞ்சம் எரிச்சல், பிறகு ஒரு அடம், பிறகு குரல் ஒரு படி கீழே இறங்குகிறது. எந்த வரியோடு கங்கா முடிந்தாள், எந்த வரியில் நாகவல்லி தொடங்கினாள் என்று விரல் வைத்துக் காட்ட என்னால் முடியவில்லை. பலமுறை பார்த்தும் முடியவில்லை. அங்கேதான் பயம் இருக்கிறது. நாம் தினமும் பார்க்கிற கோபத்துக்கும் இந்தக் கோபத்துக்கும் நடுவே வேலி ஒன்றும் இல்லை என்று அந்தக் காட்சி வாய்திறக்காமல் சொல்கிறது.

'சந்திரமுகி'யில் விரல் வைக்க முடியும். கண் அகலமாகிறது, பின்னணி இசை ஏறுகிறது, இதோ வந்துவிட்டாள் என்று படமே அறிவிக்கிறது. ஜோதிகாவின் கண்ணை நம்பி எடுத்த காட்சி அது. கண்ணும் ஏமாற்றவில்லை. ஆனால் அறிவித்துவிட்டு வருகிற பேயைப் பார்த்து யாருக்கும் பயம் வராது, வரவேற்கத்தான் தோன்றும். தியேட்டரில் எழுந்த சத்தம் அந்த வரவேற்புதான்.

இனி மொழி. மலையாளப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நடனக்காரி. கங்கா பேசுவது மலையாளம். கட்டிலைத் தூக்கும்போது வாயில் வருவது தமிழ். 'விடமாட்டே?' என்ற அந்த ஒற்றைக் கேள்வியில் மனைவி காணாமல் போய்விடுகிறாள். தோலுக்கு நிறம் பூசவில்லை, பல்லை நீட்டவில்லை. மொழியை மாற்றினார்கள், அவ்வளவுதான். ஒரு மலையாளிக்கு அது பாதி புரிந்த, பக்கத்து ஊர்க் குரல். நமக்கோ தலைகீழ். படம் முழுக்கக் காதைத் தீட்டி, அடிவரியைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். திடீரென்று ஒருத்தி நேராக நம்மிடமே பேசுகிறாள். அடிவரி தேவையில்லை. அந்நியமாக இருந்த படத்துக்குள் வீட்டு மொழி பேசுகிற ஒரே ஆள், கொல்ல வந்தவள்.

என் அம்மாவுக்கு மலையாளம் தெரியாது. நான் ஒரு மத்தியானம் இந்தப் படத்தைப் போட்டபோது கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்க்கவே இல்லை, ஏதோ படம் ஓடுகிறது என்ற அளவில்தான். அந்த வரி வந்ததும் கை நின்றது. "யாருடா இப்போ தமிழ்ல பேசினது?" என்றார். படத்துக்கு நான் கேட்ட மிகச் சிறந்த விமர்சனம் அதுதான்.

தமிழுக்கு வந்தபோது வாசுவுக்கு இங்கே ஒரு சிக்கல். தமிழ்ப் படத்தில் பேய் தமிழ் பேசினால் மொழி மாற்றம் என்ற ஆயுதமே கையில் இல்லை. அதனால் சந்திரமுகி தெலுங்குக்காரி ஆனாள், 'ரா ரா' பாட்டும் தெலுங்கில் வந்தது. 2004இல் அவரே கன்னடத்தில் எடுத்த 'ஆப்தமித்ரா'விலும் இதே ஏற்பாடுதான். 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் எடுத்தபோது அவள் வங்காளி ஆனாள். ஒவ்வொரு ஊரும் தன் பேயை வேறு மாநிலத்திலிருந்து இறக்குமதி செய்துகொண்டது வேடிக்கைதான். வாசு செய்தது சரியான தீர்வு என்றே சொல்வேன். ஆனால் தெலுங்கு நம் காதுக்குப் பாட்டாகப் பழகிய மொழி. கச்சேரியில் கேட்கிறோம், கீர்த்தனையில் கேட்கிறோம். அதனால் 'ரா ரா' நடனத்தில் அது அழகாகப் பொருந்துகிறது, மிரட்டலில் அந்த அளவு குத்துவதில்லை.

குரலைப் பற்றி இன்னொன்று. ஷோபனாவின் கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லியின் தமிழுக்குக் குரல் கொடுத்தவர் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர். இந்த இரண்டாவது பெயர் வெளியே வருவதற்குப் பல வருஷம் ஆனது, ஃபாசிலே பின்னாளில்தான் சொன்னார். ஆக, நாம் பார்ப்பது ஒரு முகம், கேட்பது இரண்டு தொண்டை. இது தெரியாமலேயே காது அதை உணர்ந்திருக்கிறது. தேசிய விருது வாங்கிய அந்த நடிப்பில் பெயர் தெரியாமல் கிடந்த ஒருவருக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இசையில் நான் நீட்டப் போவதில்லை. மலையாளத்தில் பாட்டு எம்.ஜி.ராதாகிருஷ்ணன், பின்னணி ஜான்சன். 'பழந்தமிழ் பாட்டிழையும்' பாடலை ஆஹிரியில் போட்டார் ராதாகிருஷ்ணன். ஆஹிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று சங்கீதக்காரர்கள் சொல்லும் ராகம். கதை பயப்படச் சொல்வதற்கு முன்பே ராகம் ஒரு அமங்கலத்தைப் பரப்பிவிடுகிறது. 'சந்திரமுகி'யில் வித்யாசாகரின் பாட்டுகள் பெரிய வெற்றி. பதற்றம் என்று பார்த்தால் 'ரா ரா' மட்டும்தான் அந்த வேலையைச் செய்கிறது.

இடம் என்று வந்தால் மலையாளப் படத்துக்கு அதிர்ஷ்டம். திருப்பூணித்துறை ஹில் பேலஸிலும், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையிலும் எடுத்தார்கள். பத்மநாபபுரம் போனவர்களுக்குத் தெரியும், வாசலில் குனிய வேண்டும், மரக்கூரை தலைக்கு மேலேயே நிற்கும், கறுத்த தரை தண்ணீர்போலப் பளபளக்கும். (தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்த தரை என்று அங்கே சொல்வார்கள்.) அரண்மனைதான், ஆனால் ஆள் வாழ்ந்த வீட்டின் நெருக்கம் அதில் இருக்கிறது. 'சந்திரமுகி'யின் வேட்டையபுரம் அரண்மனை பிரம்மாண்டம். படிக்கட்டும் விளக்கும் நாயகன் நடந்து வருவதற்கு ஏற்றவை. மூச்சு முட்டுவதற்கு அவ்வளவு பெரிய இடம் தோதுப்படாது.

அப்புறம் அந்தப் பாம்பு. 'சந்திரமுகி'யில் அரண்மனைக்குள் ஒரு பெரிய பாம்பு நடமாடும், ஞாபகம் இருக்கலாம். எனக்கு இந்தப் படத்தில் பெரிய மனத்தாங்கலே அதன் மேல்தான். இது பேயில்லை, மனநோய் என்று மருத்துவர் மெனக்கெட்டு விளக்குகிறார். கங்கா எப்படிப் படிப்படியாகச் சந்திரமுகி ஆனாள் என்று அவர் அடுக்கிச் சொல்லும் வசனம் இன்றைக்கும் மீம் உலகில் சோறு போடுகிறது. ஆனால் காரணம் சொல்லப்படாத ஒரு பாம்பு பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தால் அந்த விளக்கத்தை யார் நம்புவது? உளவியல் திகிலுக்கு ஒரு கணக்கு உண்டு. வெளியே அமானுஷ்யம் எதுவும் இல்லை என்று நமக்கு உறுதியானால்தான் உள்ளே இருப்பதைப் பார்த்து நடுங்குவோம். வெளியே சாக்கு இருந்தால் மனசு அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடும்.

சரி, தமிழ்ப் படம் ஜெயிக்கும் இடம் இல்லையா? உண்டு. சந்திரமுகியைக் கொன்ற ராஜா வேட்டையன். ரஜினி அந்த ராஜாவாக வந்து 'லகலக' என்று சிரிக்கிற இடம், மலையாளத்தில் இல்லாத ஒன்று. அங்கே வேட்டையனின் இடத்தில் இருக்கும் கொடுமைக்கார சங்கரன் தம்பி பெரும்பாலும் கதையாகவே இருக்கிறார். இங்கே அவருக்குச் சதையும் சிரிப்பும் கிடைக்கின்றன. சந்திரமுகி ஏன் இத்தனை வருஷக் கோபத்தோடு திரிகிறாள் என்பது அந்தச் சிரிப்பைக் கேட்டால் புரியும். எனக்கு 'சந்திரமுகி'யில் நிஜமாகவே சங்கடமாக இருந்தது அந்த இடம்தான், கட்டில் அல்ல. நாம் கொண்டாடுகிற முகம் அப்படிச் சிரிக்கிறதே என்ற சங்கடம். வடிவேலுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் பயந்து நடுங்கும் காட்சிகளால் படம் பேரிலாபம் அடைந்தது, ஆனால் நமக்குப் பதிலாக அவரே பயந்துவிடுவதால் நம் பங்குக்கு மிச்சம் இருப்பதில்லை. மலையாளத்திலும் இன்னசென்ட், குதிரவட்டம் பப்பு என்று சிரிப்புக்குப் பஞ்சமில்லை. கட்டில் காட்சி நெருங்கும்போது அவர்களை ஓரம் கட்டிவிடுகிறார்கள்.

கடைசியாக, தூக்கிய கட்டில் கீழே வந்த பிறகு நடப்பது. நகுலன் 'கங்கா' என்று அலறுகிறான். அவள் திரும்பி வருகிறாள். என்ன ஆயிற்று என்று கணவனிடமே கேட்கிறாள். மலையாளத்தில் நான் அதிகம் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். கொல்லுவேன் என்று சொன்ன வாய், எனக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறது. சுரேஷ் கோபியின் முகத்தில் அந்த நேரத்தில் பயம் பாதி, பாவம் பாதி. தமிழில் பிரபுவும் அதை நன்றாகவே செய்தார். ஆனால் அதற்குள் தியேட்டர் கைதட்டி முடித்திருக்காது, அந்தச் சின்னக் கேள்வி சத்தத்தில் அமுங்கிப்போகும்.

2024 ஆகஸ்டில் 'மணிச்சித்ரத்தாழ்' 4கேயில் மறுபடி தியேட்டருக்கு வந்தது. அந்தச் சாக்கில் வீட்டில் இரண்டு கட்டில் காட்சிகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். அம்மா வழக்கம்போலக் கூடத்தில்தான் இருந்தார். 'சந்திரமுகி' முறை வந்தபோது கட்டில் மேலே போனது, இசை கூரையைப் பிளந்தது. அம்மா தலையைத் தூக்கவில்லை.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைடா" என்றார்.