விளம்பரக் குதிரையும் உருளைக் குதிரையும்

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் பைபர் படகு வைத்திருக்கும் என் மைத்துனர், ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் விளம்பரத் தாளை நீட்டினார். "மச்சான், இதில் 20.2 குதிரைத்திறன் என்று போட்டிருக்கிறான். திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றினால் 17, 18தான் வரும் என்கிறார்கள். மிச்சக் குதிரைகளை யார் ஓட்டிக்கொண்டு போனது?"

யாரும் திருடவில்லை. தாளில் உள்ளது எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டில் அளந்தது. டைனோவின் உருளையைச் சுழற்றுவதோ பின்சக்கரம். நடுவில் கிளட்ச், கியர்பாக்ஸ், செயின், நசுங்கிச் சுழலும் டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. செயின் வண்டியில் 10 முதல் 15 சதவீதம் இப்படிப் போவது இயல்பு. தனுஷ்கோடி மணலும் உப்புக்காற்றும் தின்ற செயின் என்றால் இன்னும் கொஞ்சம் போகும்.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்கு இந்தத் தகராறே இல்லை. படகு எஞ்சின்களுக்கான ஐஎஸ்ஓ 8665 நெறி, புரொப்பல்லர் தண்டில் கிடைக்கும் திறனைத்தான் கணக்கில் எடுக்கிறது. பல்சக்கர இழப்பு ஏற்கெனவே கழிந்துவிட்டது. கடலில் பழகிய மனிதர் கரையில் ஏமாந்ததாக நினைத்ததில் வியப்பில்லை.

அதற்காக டைனோ சீட்டு அரிச்சந்திரன் வாக்கும் அல்ல. டயரில் காற்று குறைந்தாலோ, வண்டியைக் கட்டும் பட்டையை இறுக்கிவிட்டாலோ எண் மாறும். பிறகு 'திருத்தம்' என்று ஒன்று உண்டு. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் ஜே1349 முறை, அளந்ததை 25 டிகிரி வெப்பம், 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தத்துக்கு மாற்றி எழுதுகிறது. நம் கடற்கரையில் 35 டிகிரியும் பிசுபிசுக்கும் ஈரமும் சேர்ந்தால், நீராவி ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் 4 சதவீதம் வரை இளைக்கும். சீட்டில் அது தெரியாது, திருத்தம் நிரப்பிவிடும். இழப்பு 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, சக்கரத்து எண்ணை 0.85ஆல் வகுத்து, 'உண்மையான எஞ்சின் திறன்' என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. இழப்பு எல்லா வண்டிக்கும் ஒரே சதவீதம் அல்ல.

வாங்குபவருக்கு இரண்டையும்விட உதவுவது தாளின் அடுத்த வரி: நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. கணக்குப் போட்டால் அங்கே கிராங்க் தண்டில் 15 குதிரைக்குச் சற்று மேல். விளம்பரத்தின் 20.2 வருவது 6,100 சுற்றில். மீன் கூடையோடு போகிறவர் அதுவரை முறுக்கப் போவதில்லை.

பாம்பன் சாலைப் பாலத்தில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது 30 கி.மீ. எதிர்காற்று அடித்தால், காற்றின் தடை ஏறத்தாழ இரு மடங்காகும். அங்கே டாப் கியரில் வண்டி திணறுகிறதா என்று ஓட்டிப் பார்த்து வாங்கச் சொன்னேன். டைனோ செலவைப் பின்னால் சைலன்சர் மாற்றினால் பார்த்துக்கொள்ளலாம்: மாற்றுவதற்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, அதே உருளையில், அதே டயர் காற்றில்.