பிறந்த குழந்தைக்கு எதெல்லாம் உண்மையில் பயன்பட்டது: ஒன்றே முக்கால் வருட அனுபவம்

எங்கள் மகள் ஐப்பசி மழையில் மயிலாடுதுறையில் பிறந்தாள். மூன்று மாதம் அம்மா வீடு, அப்புறம் சென்னை வேளச்சேரியில் இரண்டாவது மாடி வீடு. இப்போது அவளுக்கு ஒன்றே முக்கால் வயது. என் நாத்தனாருக்கு வருகிற தையில் பிரசவம். "அண்ணி, எதை வாங்கி வைக்கட்டும், எதை விடட்டும்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் விரிவாக எழுதுகிறேன். முதல் மூன்று மாதத்துக்கான காசைத் துணியில் போடுங்கள், அதைத் துவைத்துக் காயவைக்கும் வசதியில் போடுங்கள், தாய்க்கு வேண்டியதில் போடுங்கள். மற்றதை எல்லாம் குழந்தை பிறந்து, தேவை தெரிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவமான தாய்மாருக்காக 2015ல் ஒரு பரிசுப் பெட்டகத் திட்டம் தொடங்கினார்கள். மொத்தம் 16 பொருட்கள். குழந்தைக்குத் துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை. தாய்க்குத் தனியாக ஒரு சோப்பு, கை கழுவும் திரவம், சௌபாக்கிய சுண்டி லேகியம். ஆன்லைனில் நாற்பது ஐம்பது பொருட்களோடு சுற்றும் பட்டியல்களைப் பார்த்த பிறகு இதைப் பார்த்தால், இதை எழுதியவர் பிள்ளை வளர்ந்த வீட்டை நன்றாக அறிந்தவர் என்று தோன்றுகிறது. தாய்க்கும் அதில் பங்கு இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

முதலில் துணி. அப்பாவின் பழைய நாலு முழ வேட்டிகளைத்தான் அம்மா சதுரமாகக் கிழித்து, ஓரம் அடித்து, வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்து வைத்திருந்தார். கடையில் வாங்கிய புது நாப்கினைவிட அவைதான் மெத்தென்று இருந்தன. பலமுறை துவைத்த பருத்திக்கு இருக்கும் ஈரம் உறிஞ்சும் குணம் புதுத் துணிக்கு வர நாளாகும். குழந்தையைச் சுற்ற, துடைக்க, தோளில் போட, மடியில் விரிக்க எல்லாவற்றுக்கும் அதே துணிதான். இன்றும் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் துண்டுகள்தான் கழுத்தில் ஏறுகின்றன.

முன்பக்கம் முடிச்சுப் போடும் ஜப்லாவும் அப்படியே. தொப்புள்கொடி காய்ந்து விழ ஒன்று இரண்டு வாரம் ஆகும். அதுவரை அந்த இடம் உலர்வாக, காற்றுப்பட இருக்க வேண்டும். தலைவழியாகப் போடும் பனியனும் இடுப்பை இறுக்கும் எலாஸ்டிக் நிக்கரும் அந்த நாட்களுக்கு ஒத்துவராது. ஜப்லா இரண்டு மாதத்தில் சிறிதாகிவிடும் என்பதால் ஒரே அளவில் நிறைய வாங்க வேண்டாம்.

ஆரம்ப நாட்களில் துணி நாப்கின் கட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐந்து நாள் ஆன குழந்தை ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுமான அளவு போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். புதுத் தாயை வாட்டும் கேள்வியே இதுதானே, பால் போதுமா என்று. துணியில் ஈரம் உடனே தெரிந்துவிடும், எண்ணிக்கொள்ளலாம். டயப்பர் அத்தனையையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் நிற்கும்.

ஆனால் மழைக்காலத்தில் துணி நாப்கின் என்றால் காயவைப்பதுதான் பெரிய வேலை. ஐப்பசி கார்த்திகையில் கொல்லைக் கொடி உதவவில்லை. கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு கொடி கட்டினோம், மடக்கி வைக்கும் ஸ்டீல் ஸ்டாண்டு ஒன்றும் வாங்கினோம். இந்த ஒன்றே முக்கால் வருடத்தில் வாங்கியதிலேயே அதிகம் உழைத்த பொருள் அந்த ஸ்டாண்டுதான். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் நாப்கினில், கயிறு தைத்த இடத்தில் மட்டும் ஈரம் நிற்கும். விரலுக்குத் தெரியாது, கன்னத்தில் வைத்தால் சில்லென்று தெரியும். அந்த ஈரத்தோடு கட்டினால் இடுப்பில் சிவந்துவிடும். அம்மா ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்து, சில்லென்று இருப்பதைத் தனியே எடுத்து, தையல் மேல் இஸ்திரி ஓட்டித்தான் மடித்து வைப்பார். மழை மாதப் பிரசவம் என்றால் ஸ்டாண்டையும் இஸ்திரிப் பெட்டியையும் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரவுக்கும் பயணத்துக்கும் டயப்பர் வேண்டும். வேண்டாம் என்று வீம்பு பிடித்தால் தாயின் தூக்கம்தான் போகும். ஆரம்பத்தில் பேன்ட் மாதிரி மாட்டுவதைவிட டேப் ஒட்டும் வகைதான் வசதி. தொப்புளுக்குக் கீழே மடித்து ஒட்டலாம், கழற்றும்போது கால் வழியாக இழுக்க வேண்டியதில்லை. புதிதாகப் பிறந்த அளவில் ஒரு சின்னப் பாக்கெட் மட்டும் போதும். மூன்றாம் மாதத்திலிருந்து, பட்டன் போட்டு அளவு மாற்றும் துணி டயப்பர்களுக்கு மாறினோம். விலை அதிகம்தான், ஆனால் இன்றும் ஓடுகின்றன. அவற்றைத் துவைக்கும்போது வாசனைக் கண்டிஷனர் போடக் கூடாது. போட்டால் இழையில் படிந்து, உறிஞ்சும் தன்மை போய்விடும். ஒரு வருடத்துக்குப் பிறகு சிலவற்றின் தொடைப்பக்க எலாஸ்டிக் தளர்ந்தது. தையல்காரரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டோம்.

அடியில் விரிக்கும் டிரை ஷீட் இரண்டு சிறியது, ஒன்று பெரியது போதும். மேல்பக்கம் மெத்தென்றும் கீழே நீர் புகாத படலமுமாக இருக்கும் அதைச் சூடான தண்ணீரில் போட்டால் படலம் வெடித்துவிடும். பழைய ரப்பர் ஷீட் வியர்க்கும். சென்னை வெக்கைக்கு அது சரிவராது.

அடுத்து தூளி. இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். பழைய பருத்திப் புடவை, ஸ்பிரிங், விரிப்புக் கட்டை, கயிறு, இவ்வளவுதான் தூளி. நைலக்ஸ், பாலியெஸ்டர் புடவை வேண்டாம், வழுக்கும், காற்றும் போகாது. ஸ்பிரிங் வாங்கும்போது எத்தனை கிலோ தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள். ஸ்பிரிங்குக்கு உள்ளே ஒரு பாதுகாப்புக் கயிறோ சங்கிலியோ ஓட வேண்டும். ஸ்பிரிங் விட்டுப்போனாலும் அது தாங்கிக்கொள்ளும். கொக்கி கான்கிரீட் கூரையில் பதித்ததாக இருக்க வேண்டும், பால்ஸ் சீலிங்கில் மாட்டவே கூடாது. மேலே கட்டை போட்டு விரித்தால்தான் துணி முகத்தை மூடாமல் நிற்கும்.

தூளியில் என் மகள் தூங்கிய தூக்கம் வேறெங்கும் தூங்கியதில்லை. ஆனாலும் இரவு முழுக்க அதில் விடவில்லை. தூளியில் உடம்பு வளைந்து, மோவாய் நெஞ்சில் ஒட்டினால் சின்னக் குழந்தைக்கு மூச்சுவிடச் சிரமமாகும். கழுத்து நிற்காத மாதங்களில் இதில் கவனம் வேண்டும். பகல் தூக்கத்துக்கு, பக்கத்தில் ஒரு ஆள் முகத்தைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும்போது மட்டும் தூளி. இரவில் கெட்டியான சமதளப் படுக்கையில் மல்லாக்க, தலையணை இல்லாமல். தலை உருண்டையாக வேண்டும் என்று உறவினர் கொண்டுவந்த கடுகுத் தலையணையை வாங்கி வைத்துக்கொண்டோம், தலைக்கு வைக்கவில்லை. விளிம்பைப் பிடித்து எழ முயன்ற அன்றே தூளியை அவிழ்த்துவிட்டோம்.

கொசுவலை இல்லாமல் முடியாது. குடை மாதிரி விரியும் சின்ன வலை, கீழேயும் துணி வைத்து ஜிப் போட்டு மூடும் வகை நல்லது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும் என்பதால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்குக் கொசு விரட்டும் கிரீம் எதுவும் பூசக் கூடாது. சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். பாட்டிக்கு அதில் மனத்தாங்கல் இருந்தது. சாமி அறையில் போட்டுக்கொள்ளுங்கள் பாட்டி, குழந்தைக்குக் காட்ட வேண்டாம் என்று சொன்னோம், ஒப்புக்கொண்டார்.

மருந்துப் பெட்டியில் இரண்டே பொருள் முக்கியம். ஒன்று டிஜிட்டல் தெர்மாமீட்டர். அக்குளில் வைத்துப் பார்த்தால் 97.7 முதல் 99.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அதற்கு மேல் ஏறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் பிறகு வரும் காய்ச்சலைக் கையால் தொட்டு ஊகிக்காமல் எண்ணாகச் சொல்ல முடிந்தது, மருத்துவருக்கும் அது உதவியது. மற்றொன்று வைட்டமின் டி சொட்டு மருந்து. பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை தினம் 400 யூனிட் என்பது பொதுவாகக் கொடுக்கும் அளவு. கடையில் ஒரு மில்லிக்கு 400 யூனிட் உள்ள பாட்டிலும் இருக்கிறது, 800 யூனிட் உள்ளதும் இருக்கிறது. பாட்டில் மாறும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படித்துவிட்டுத்தான் டிராப்பரில் எடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுத்தே வைத்திருந்தேன்.

இனி தாய்க்கு. இதைப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு நிஜமாகவே கோபம். பிரசவத்துக்குப் பிறகு உதிரப்போக்கு ஆறு வாரம் வரைகூட நீடிக்கும், தடிமனான பிரசவ நாப்கின் தாராளமாக வேண்டும். பால் கொடுக்க ஜிப் வைத்த பருத்தி நைட்டி, குழந்தைத் துணியைவிட அதிகம் துவைக்கப்படுவது இதுதான். பால் கொடுக்க உட்கார்ந்தவுடன் தொண்டை வறண்டு தாகம் எடுக்கும், கை எட்டும் தூரத்தில் ஒரு பெரிய வெந்நீர் பிளாஸ்க். இரவில் எழும்போது மங்கலாக எரியும் ஒரு சின்ன விளக்கு. பெரிய விளக்கைப் போட்டால் குழந்தை விழித்துக்கொண்டு விளையாட ஆரம்பித்துவிடும்.

பிரெஸ்ட் பம்ப் எல்லோருக்கும் வேண்டாம். வேலைக்குத் திரும்புகிறவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். 26 வார மகப்பேறு விடுப்பு முடியும் சமயத்தில், கடைசி மூன்று வாரம் இருக்கும்போது வாங்கிப் பழகினேன். மின்சாரத்தில் ஓடும் இரட்டைப் பம்ப். ஒரு வயது வரை அலுவலகத்தில் அது இல்லாமல் என்னால் பால் நிறுத்தாமல் இருந்திருக்க முடியாது. எடுத்த பாலை 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் நாலு மணி நேரம் வரை வைக்கலாம் என்பார்கள். சென்னையில் ஏசி இல்லாத அறை அந்த அளவில் நிற்காது, அதனால் எடுத்ததும் நேராகப் பிரிட்ஜ். அங்கே நாலு நாள் வரை தாங்கும். வீட்டில் மாமியார் பாலாடையில் புகட்டினார். பாட்டிலைவிடக் கழுவச் சுலபம். இந்தியாவில் பால் பாட்டிலுக்கும் பால் பவுடருக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992லேயே சட்டம் இருக்கிறது. அப்படியிருந்தும் 'அவசியப் பொருள்' பட்டியல்களில் பாட்டில், ஸ்டெரிலைசர், வார்மர் மூன்றும் முதலில் வந்து நிற்பதுதான் எனக்கு வருத்தம். மருத்துவர் சொன்னால் வாங்கலாம், முன்கூட்டி வேண்டாம்.

வாங்காமல் விட்டவை: டால்கம் பவுடர், பொடி மூச்சில் போகும். கண்மை, அதில் ஈயம் இருக்கலாம். திருஷ்டிக்கு உள்ளங்காலில் சந்தனப் பொட்டு வைத்தார் அம்மா, எல்லோருக்கும் திருப்தி. வசம்பை வளையலாகக் கட்டவில்லை, உதிர்ந்து வாய்க்குப் போகும் என்ற பயம். சக்கரம் வைத்த இருக்கையில் உட்காரவைத்து உருளவிடும் வாக்கர் வேண்டவே வேண்டாம், கனடாவில் 2004லிருந்து அதை விற்பதே தடை. ஷூ, சாக்ஸ் செட், தலையில் கட்டும் பட்டை எல்லாம் அன்பளிப்பாகவே வந்து குவியும். குளியல் டப் மூன்று மாதம் வரை தேவைப்படவில்லை. அம்மா மணையில் உட்கார்ந்து காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டினார். சென்னை வந்த பிறகு அந்தக் கை இல்லாததால் டப் வாங்கினோம், அது வாளியாக இன்னும் உழைக்கிறது.

நாத்தனாருக்கு இப்போது எடுத்து வைத்திருப்பது: வேட்டித் துணிகள், ஜப்லாக்கள், குடை வலை, பெரிய டிரை ஷீட், ஸ்டாண்டு. ஜப்லாக்களை மறுபடி கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைத்தாயிற்று. தூளிப் புடவை தருவேன், ஸ்பிரிங் தர மாட்டேன். எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பம்பையும் கொடுக்கவில்லை, பால் படும் பாகங்களும் குழாய்களும் அவரவருக்குத் தனி. தெர்மாமீட்டர் நூறு இருநூறு ரூபாய்தான், புதிது வாங்கி உள்ளே இருக்கும் பேட்டரி எண்ணைக் குறித்து, இன்னொரு பேட்டரியும் சேர்த்தே வாங்கச் சொல்லியிருக்கிறேன்.