பேக்லைட் மாற்றிய டிவி மங்கலாக வந்தால் ஷீட்டை எண்ணிப் பாருங்கள்

மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் பேக்லைட் (திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் எல்இடி பட்டிகள்) மாற்றக் கொடுத்த 32 அங்குல எல்இடி டிவி, உள்ளே இருந்த பிரிசம் ஷீட் (வெளிச்சத்தை முன்பக்கம் திருப்பும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) ஒன்று இல்லாமல் திரும்பியிருக்கிறது. மிச்சமிருந்த ஒன்றும் தலைகீழாகக் கிடந்தது. காசை முழுதாக வாங்கிவிட்டு, “பனல் பழசு, இனி இவ்வளவுதான் வெளிச்சம்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பச்சைப் பொய். பனலில், அதாவது படம் தெரியும் திரைக் கண்ணாடியில், ஒரு பிழையும் இல்லை.

எல்இடி பட்டிகளுக்கு மேல் தடித்த வெள்ளைத் தட்டு, அதற்கு மேல் மெல்லிய ஷீட்கள். பிரிசம் ஷீட்டின் ஒரு முகம் முழுக்க 90 பாகை முனையுள்ள நுண்ணிய வரிகள். இரண்டு முனைகளுக்கு இடையே 50 மைக்ரோன் அளவுதான். சரிந்து வரும் வெளிச்சத்தை அவை பார்ப்பவர் பக்கம் மடக்கும். நேர்குத்தாக வருவதைக் கீழே தெறிக்கவிடும்; அது எல்இடி பட்டிகளுக்கு அடியிலுள்ள வெள்ளைத் தாளில் பட்டுச் சிதறி மறுபடி மேலே வரும். இப்படி ஒரு ஷீட்டே நேர்முன் வெளிச்சத்தை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கும். அதை எடுத்துவிட்டு, குறையை மறைக்க எல்இடிக்குக் கரண்டைக் கூட்டினால் புதுப் பட்டியும் சூடேறிச் சீக்கிரம் எரியும்.

பிரிசம் ஷீட்டை அடையாளம் காண்பது சுலபம். அதனூடாகத் தூரத்து பல்பைப் பார்த்தால் இரண்டாகத் தெரியும். ஓரத்தில் வரிகளுக்குக் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டினால் சர்ரென்று சத்தம் வரும், மறுமுகம் வழுக்கும். வரியுள்ள முகம் எல்இடி பக்கம் அல்ல, கண்ணாடிப் பக்கம்தான் இருக்கவேண்டும். பிரிசம் ஷீட் இரண்டு இருந்தால் வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும். ஓரத்துக் காதுகளின் துளை பிரேமின் முளைகளில் சரியாக விழவேண்டும். நாலு பக்கமும் டேப் ஒட்டினால், சூட்டில் ஷீட் விரிய இடமில்லாமல் நெளியும். திரையில் அலை அலையாக நிழல் விழும். தின்னர் பட்டாலோ துணியால் அழுத்தித் துடைத்தாலோ வரிமுனை பழுதாகிவிடும், பிறகு அதை மீட்க வழியில்லை.

கொடுக்கும்போதே, எத்தனை ஷீட் என்று உங்கள் முன்னால் எண்ணி பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் கொடுக்கவேண்டாம். எடுக்கும்போது வெள்ளைப் படம் போட்டு நேரே நின்றும் பக்கத்தில் நின்றும் பாருங்கள். நேரே கூடுதல் வெளிச்சம் தெரியாவிட்டால், காசு கொடுக்குமுன் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லை வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள்.