பன்னிரண்டு டப்பா வண்ண மாவா, பத்துக் கிலோ களிமண்ணா?

அயனாவரத்தில் ஒரு வீட்டின் தரைத்தளத்தில் நடக்கும் சிறிய மழலையர் பள்ளி எங்களுடையது. எல்கேஜி வகுப்பில் 18 குழந்தைகள். அவர்களில் பாதிப் பேர் பென்சிலைப் பிடித்தால் விரல் நுனி வெளுத்துவிடும். ஐந்து நிமிடத்தில் “கை வலிக்கிறது மிஸ்” என்பார்கள். எழுத வைக்கும் முன் கையைப் பழக்க வேண்டும் என்பதில் ஆசிரியைகளுக்குள் சண்டை இல்லை. எதைக் கொடுத்துப் பழக்குவது என்பதில்தான் கடந்த ஆண்டு ஜூனில் மூன்று கட்சிகளாகப் பிரிந்தோம். தலைமையாசிரியைக்கு மரச் சாதனங்கள், யூகேஜி ஆசிரியைக்குப் பிசைந்து விளையாட டப்பாவில் வரும் வண்ண மாவு, எனக்குக் களிமண். நான் எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிட்டதால், மற்ற இரண்டைப் பற்றி நான் எழுதுவதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

மரச் சாதனங்கள் நல்லவை. பொத்தான் மாட்டும் சட்டம், கயிறு கோக்கும் பலகை, குமிழைப் பிடித்துத் தூக்கும் உருளைகள் என்று ஒவ்வொன்றும் விரலுக்கு ஒரு குறிப்பிட்ட வேலையைக் கொடுக்கிறது. இப்படிச் சாதனங்களை வைத்துக் கற்பிக்கும் முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் என்பதால், சென்னைக்காரர்களுக்கு இந்த முறையில் தனிப் பற்று உண்டு. பள்ளியை மூடினாலும் பாதி விலைக்காவது விற்கலாம்; மற்ற இரண்டுக்கும் அந்தப் பேச்சே இல்லை. ஆனால் ஒரு சட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு குழந்தைதான் உட்கார முடியும். மீதி 17 பேர் என்ன செய்வார்கள் என்பதற்கு எங்கள் பள்ளியின் பணப்பெட்டியில் பதில் இல்லை. அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

வாக்கெடுப்பில் வண்ண மாவு வென்றது. சுத்தமாக இருக்கும், பெற்றோருக்குப் பிடிக்கும், குழந்தைகள் பார்த்தவுடன் கையை நீட்டுவார்கள். எல்லாம் உண்மைதான். அமெரிக்காவில் சுவர்க்காகிதத்தில் படிந்த கரியைத் துடைப்பதற்காகச் செய்த ஒரு மாவுதான் 1956இல் பிளே-டோ (Play-Doh) என்ற விளையாட்டுப் பொருளாக மாறியது. தொட்டவுடன் குழையும் அந்த மென்மைதான் அதன் கவர்ச்சி. எனக்கு அதுவே குறையாகப்பட்டது. விரல் அழுத்தும் முன்பே மாவு வழிவிட்டுவிடுகிறது. சப்பாத்தி மாதிரி தட்டி, அச்சில் நட்சத்திரம் வெட்டி, மறுபடி தட்டுகிறார்கள். வேலையெல்லாம் அச்சு செய்கிறது.

இரண்டாம் வாரமே பன்னிரண்டு நிறமும் கலந்து ஒரே நிறமானது: மண் நிறம். இதற்கு மண்ணையே வாங்கியிருக்கலாமே என்று நான் சொன்னது உண்மை. அன்று யாரும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சரியாக மூடாத டப்பா திங்கட்கிழமை ஓடு கட்டியிருந்தது. தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் மேலே கொழகொழப்பு, உள்ளே கட்டி. ஆகஸ்டில் ஐந்து டப்பாதான் மிஞ்சியது. பிறகு வீட்டிலேயே மைதா, உப்பு, எண்ணெய், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கிளறி மாவு செய்து பார்த்தோம். புதிதாக இருக்கும்போது கடை மாவை விட நன்றாகவே இருந்தது. கெடாமல் இருக்கப் போட்ட உப்பு, மழை நாட்களில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து மாவைப் பசையாக்கிவிட்டது. எறும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம்.

விஜயதசமி கழிந்த வாரம் கொசப்பேட்டைக்குப் போனேன். புரசைவாக்கத்தை ஒட்டிய குயவர் பகுதி. பிள்ளையார் சதுர்த்திக்கும் கொலுவுக்கும் முன்பு போனால் அவர்களுக்குப் பேசவே நேரம் இருக்காது. பண்டிகை முடிந்திருந்ததால் நிதானமாகக் கல் பொறுக்கிப் பிசைந்து, 10 கிலோ சாம்பல் நிறக் களிமண் கொடுத்தார்கள். மண்ணுக்குக் கொடுத்ததை விட ஆட்டோவுக்குக் கொடுத்தது அதிகம்.

களிமண் எதிர்த்து நிற்கும். நான்கு வயதுக் குழந்தை உட்கார்ந்தபடி அதை அசைக்க முடியாது. எழுந்து நின்று, தோளிலிருந்து பாரத்தை இறக்கி, உள்ளங்கையால் அழுத்த வேண்டும். மணிக்கட்டில் இருக்கும் 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புதான். எல்லாம் எலும்பாக மாறிமுடியப் பத்து வயது தாண்டிவிடும். அந்த வயதுக் கையில் மெல்லிய பென்சிலைத் திணித்து நான்கு கோடு நோட்டில் அடைப்பதற்கு முன், கை முழுவதற்கும் ஒரு வேலை வேண்டும். மண் இளகிய பிறகுதான் விரல்களின் முறை வருகிறது: கிள்ளுவது, உருட்டுவது, கட்டைவிரலால் குழி போட்டு அகல் விளக்கு செய்வது.

தமிழ் எழுதப் பழகும் குழந்தைக்கு இதில் ஓர் உபரி லாபமும் உண்டு. நம் எழுத்தில் சுழி அதிகம். ‘அ’வின் சுழி எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கரும்பலகையில் காட்டிக் காட்டி எனக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம். மண்ணைப் பாம்பாக உருட்டி, அதைச் சுருட்டி ‘அ’ செய்யும்போது, திருப்பத்தில் பாம்பு விரிசல் விடும். குழந்தை அங்கே நின்று, விரலை ஈரமாக்கித் தடவிச் சரிசெய்கிறது. சுழி எந்தப் பக்கம் திரும்பும் என்பது அந்த இடத்தில் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆனாலும் களிமண் வென்றது இதனால் மட்டும் இல்லை. பராமரிப்பில்தான் வென்றது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, ஏனென்றால் முதல் மாதம் அது தோற்றுக்கொண்டிருந்தது. குழந்தைகள் கை கழுவிய மண் எல்லாம் தொட்டிக் குழாயில் இறங்கி இரண்டு முறை அடைத்துக்கொண்டது. “இன்னொரு முறை அடைத்தால் நான் வேலைக்கு வரமாட்டேன் மிஸ்” என்றார் ஆயாம்மா. வழி கண்டுபிடித்ததும் அவரேதான். வாசலில் இரண்டு வாளித் தண்ணீர். முதல் வாளியில் மண்ணைக் கழுவிவிட்டு, இரண்டாவதில் அலச வேண்டும். மாலைக்குள் மண் அடியில் தங்கிவிடும். தெளிந்த தண்ணீர் செம்பருத்திக்கு, அடியில் தங்கியது மறுபடி மண் டப்பாவுக்கு.

தினசரி வேலை இவ்வளவுதான்: உருண்டைகளைச் சேர்த்து, கட்டைவிரலால் குழி போட்டு, குழியில் தண்ணீர் விட்டு, ஈரப் பருத்தித் துணியால் மூடி வைப்பது. நீண்ட நாள் மூடியே இருந்தால் சேற்று வாடை வரும். ஒரு நாள் வெயிலில் பரப்பினால் குறைந்துவிடும். பாதி காய்ந்த மண்ணை ஊறவைத்தால் கட்டி கட்டியாக நிற்கும் என்பதுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முழுக்கக் காயவிட வேண்டும். எலும்பு போல் காய்ந்த மண்ணை உடைத்துத் தண்ணீரில் போட்டால் குமிழி விட்டுத் தானாகவே கரையும். ஏப்ரல் கடைசியில் எல்லாவற்றையும் மாடியில் காயவைத்துச் சாக்கில் கட்டினேன்; இந்த ஜூனில் ஊறவைத்தேன். ஒன்பது கிலோவுக்குக் குறையாமல் மறுபடி எழுந்து வந்தது. போன ஆண்டின் வண்ண மாவு எங்கே என்று கேட்டால் குப்பை வண்டியைத்தான் காட்ட வேண்டும்.

என் அனுபவம் ஒரே வகுப்பு, ஒரே ஆண்டு. பிப்ரவரியில் 18 பேரில் பெரும்பாலோர் கை வலி சொல்லாமல் ஒரு பக்கம் எழுதினார்கள்; அந்த எட்டு மாதத்தில் அவர்கள் எட்டு மாதம் வளர்ந்தும்தான் இருந்தார்கள். மண்ணுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லத் துணியமாட்டேன். ஒரு சிறுமிக்குக் கையில் ஈரம் ஒட்டுவதே பிடிக்கவில்லை. கடைசி வரை மண்ணைத் தொடவில்லை. அவளுக்குப் பல்லாங்குழியும் புளியங்கொட்டையும் கொடுத்தோம், குழி குழியாகப் போட்டு மகிழ்ச்சியாகவே இருந்தாள். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால் மைதா மாவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தோலில் வெடிப்போ சிரங்கோ இருந்தால் களிமண்ணும் வேண்டாம். நகம் வெட்டாமல் வருபவர்களுக்கும்தான்.

சீருடைக்கு அப்பாவின் பழைய சட்டையைப் பின்பக்கம் முன்னாக மாட்டிவிட்டால் போதும். கறையைப் பற்றி வந்த புகார் அதோடு நின்றது.

இந்த ஆண்டு மூன்று வயதுக்காரர்கள் ஆறு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கைக்கு மண் இன்னும் கனம்தான். ஒருவன் பத்து நிமிடம் குத்திவிட்டு உருண்டையை உருண்டையாகவே திருப்பிக் கொடுத்தான். ஆகவே யூகேஜி ஆசிரியையிடம் நானே போய் நான்கு டப்பா வண்ண மாவு கேட்டிருக்கிறேன். மூடியை மூடுவது யார் பொறுப்பு என்பதை மட்டும் இந்த முறை முதலிலேயே பேசிக்கொண்டோம்.