ஹோம் தியேட்டர்: வாட் வாங்கினால் சத்தம் வராது

சிங்கப்பூரில், பொங்கோலில் இருக்கும் நண்பர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தார்: "அண்ணே, சிஸ்டத்துல சத்தம் பத்தல. 200 வாட் ஆம்ப் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், எடுத்துடவா?" அவருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனது, அதனால் எல்லாருக்குமாகவே எழுதிவிடுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரிசீவர் (ஆம்ப்பும் கட்டுப்பாடுகளும் சேர்ந்த பெட்டி) ரிப்பேருக்கு 280 வெள்ளி தண்டம் அழுதுவிட்டு வந்திருக்கும் நேரம் இது. எரிச்சல் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

என்னிடம் இருப்பது 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் பாஸுக்கென்று (அடித்தொனிக்கு) ஒரு சப்வூஃபரும். முன்னால் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள், சென்சிடிவிட்டி 86 டெசிபல். கூடவே 12 அங்குல சப்வூஃபர், பெட்டியில் 80 வாட் என்று போட்ட நடுத்தர விலை ரிசீவர் ஒன்று. கம்பெனி பெயர் வேண்டாம். செங்காங்கில் நாலறை வீவக அடுக்குமாடி வீடு, சோபாவிலிருந்து ஸ்பீக்கர் 3 மீட்டர்.

வாங்கியதிலிருந்து ஒரே ஒரு குறை. வால்யூம் -10ஐ நெருங்கும்போது படத்தில் பெரிய சண்டை வந்தால், ரிசீவருக்குள் ரிலே (பாதுகாப்புக்காக ஸ்பீக்கரைத் துண்டிக்கும் சுவிட்ச்) 'டக்' என்று விழும். படம் ஓடும், சத்தம் இருக்காது. அணைத்து, ஆறவிட்டு, மறுபடி போடவேண்டும். ரிசீவர் காற்றோட்டமாக வெளியில்தான் இருக்கிறது, கேபினெட்டுக்குள் அடைத்து வைக்கவில்லை. அப்படியும் விழும். அதுவும் கிளைமாக்ஸில்தான் விழும். சவுண்ட் மிக்ஸ் செய்கிறவர்கள் பெரிய சத்தத்தையெல்லாம் அங்கேதானே சேர்த்து வைக்கிறார்கள்! வீட்டில் விருந்தாளி இருக்கும்போது இது நடந்தால் வரும் கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அந்த மைனஸ் எண்ணைப் புரிந்துகொண்டால் பாதிக் கதை விளங்கிவிடும். மைக் வைத்து அளவீடு செய்த ரிசீவரில் 0 என்பது ரெஃபரன்ஸ் அளவு, அதாவது தியேட்டர் சத்தம். முன் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் உச்சத்தில் 105 டெசிபல், சப்வூஃபர் சேனல் 115. -10 என்றால் முன் ஸ்பீக்கருக்கு 95. என் ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 86 தரும், சென்சிடிவிட்டி என்பது அதுதான். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், திறந்தவெளிக் கணக்கில் 9.5 குறையும், மிச்சம் 76.5. அங்கிருந்து 95க்கு ஏற 18.5 டெசிபல் வேண்டும், அதாவது சுமார் 70 வாட். சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருகின்றன, அதைக் கழித்தாலும் 80 வாட் ரிசீவர் விளிம்பில்தான் நிற்கிறது. 0 வரை போக ஆசைப்பட்டால் ஏறத்தாழ 700 வாட். தலை சுற்றும்.

அந்த 80 வாட்டும் முழு 80 இல்லை. கீழே பொடி எழுத்தில் '2 சேனல் இயங்கும்போது' என்று இருக்கும். ஐந்து சேனலும் ஒரே சமயத்தில் கேட்டால், ஒரே தொட்டியிலிருந்து ஐந்து குழாயைத் திறந்த மாதிரி எல்லாம் மெலிந்துவிடும். சில கம்பெனிகள் இன்னும் ஒரு படி மேலே போய் 1 சேனல், 6 ஓம், 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) என்று அளந்து பெரிய எண்ணைப் பெட்டியில் அடிக்கிறார்கள். கடைக்காரர் அந்த எண்ணைத்தான் விரலால் காட்டுவார்.

சரி, 200 வாட் வாங்கினால்? 80லிருந்து 200க்குப் போவது 4 டெசிபல்தான். வாட் இரட்டித்தால் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்கு. அதே நேரம், 86க்குப் பதில் உண்மையாகவே 92 டெசிபல் தரும் ஸ்பீக்கர் இருந்தால் நான் மேலே சொன்ன 70 வாட் வேலை 18 வாட்டில் முடியும். ஹார்ன் (வாய் அகன்ற குழல்) வைத்த ஸ்பீக்கர்களுக்குத் தனி ரசிகர் கூட்டம் இருப்பது இதனால்தான். சில கம்பெனிகள் அறைக்குள் அளந்த எண்ணைப் போடுகிறார்கள். 3 டெசிபல் கழித்துப் பார்ப்பது என் வழக்கம்.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷத்தையும் சொல்லவேண்டும். செலவே இல்லாதது அது. ரிசீவரின் தானியங்கி அளவீடு என் முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று எழுதி வைத்திருந்தது. பாஸ் முழுவதும் அந்தச் சின்னக் கூம்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஆக்டேவ் கீழே இறங்கினால் (அதிர்வெண் பாதியானால்) அதே சத்தத்துக்குக் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓடவேண்டும், ஆம்ப்பின் மூச்சும் அங்கேதான் தீரும். எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே பாஸ் சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வைத்து, அப்புறம் வசனம் வரும் நடு ஸ்பீக்கரான சென்டரை மட்டும் 100க்கு ஏற்றினேன். சப்வூஃபருக்குச் சொந்தமாக ஆம்ப் இருக்கிறது, அது சுமக்கட்டும். அன்றிரவு அதே படம், அதே -10, 'டக்' வரவில்லை. குண்டு வெடிக்கும்போதும் வசனம் தெளிவாக நின்றது. ஹெட்ரூம், அதாவது திணறாமல் ஏற மிச்சமிருக்கும் இடம், என்றால் என்ன என்று அப்போதுதான் காதால் கேட்டேன்.

சப்வூஃபரை வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் சுவரோரம் மூலையில் தள்ளியதும் இன்னொரு லாபம். அந்தக் கனமான கான்கிரீட் அசையாது, பாஸைத் திருப்பி அறைக்குள்ளேயே தள்ளுகிறது. சப்வூஃபரின் கெயினை (அதன் சொந்த வால்யூமை) குறைக்கவேண்டி வந்தது.

ஆனால் கான்கிரீட் நமக்கு மட்டும் நண்பன் இல்லை. தரை வழியாக அதிர்வு கீழே இறங்கும். கீழ்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) ஒருநாள் லிஃப்டில், வீட்டில் ரெனவேஷன் நடக்கிறதா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ரப்பர் பாதம் வைத்தேன், கொஞ்சம்தான் உதவியது. இரவானால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் ஊரில், சனிக்கிழமை இரவு ஆட்டமெல்லாம் டைனமிக் ரேஞ்சை (மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை) சுருக்கும் நைட் மோடில்தான். இவ்வளவு ஹெட்ரூம் சேர்த்து வைத்துக்கொண்டு அதை அமுக்கிப் பார்ப்பது வேடிக்கைதான்.

சத்தம் பத்தவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வசனம்தான் பத்தவில்லை. யூடியூப் பாடல்களைச் சுமார் -14 எல்யூஎஃப்எஸ் (சராசரி சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது, நெட்ஃப்ளிக்ஸ் வசனத்தை -27ல் வைக்கச் சொல்கிறது. அளக்கும் முறை வேறு என்றாலும் பத்து டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வரும். பாட்டு -35லேயே அதிர்கிறது, படம் -22லும் முணுமுணுக்கிறது என்றால் ஆம்ப் ஒன்றும் பழுதில்லை. மொத்த வால்யூமை ஏற்றாமல் சென்டரை மட்டும் 2 டெசிபல் ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம், 3 டெசிபல் ஏற்றினால் சென்டர் இரண்டு மடங்கு வாட் கேட்கும். டிவி இரண்டே சேனலாக அனுப்புகிறதா என்றும் பாருங்கள்.

பழைய பொருள் விற்கும் கேரசல் செயலியில் பழைய 2 சேனல் பவர் ஆம்ப் ஒன்றை 350 வெள்ளிக்கு எடுத்து, ரிசீவரின் ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்புக்கான இணைப்பு) வழியாக முன் ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்தேன். சத்தம் கூடியதாகத் தோன்றவில்லை, கூடவும் கூடாது, கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ரிசீவரின் சூடு மட்டும் குறைந்தது.

இவ்வளவும் செய்தபிறகுதான் சென்டர் சேனலின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போனது, வாரண்டி முடிந்த கையோடு. பழுது பார்த்தவர், மெனுவில் இம்பீடன்ஸை (ஸ்பீக்கரின் மின்தடை அளவை) 4 ஓமுக்கு மாற்றிவிடுங்கள் என்றார். பல ரிசீவர்களில் அது வோல்டேஜைக் குறைத்துத்தான் பாதுகாக்கும். நான் சேர்த்த ஹெட்ரூமை நானே திருப்பிக் கொடுப்பதா? தலையாட்டிவிட்டு வந்தேன், மாற்றவில்லை.

மதிப்பெண் கேட்டால் ரிசீவருக்கு ஐந்தில் இரண்டு. போன மாதம் கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன். புதிதாக வாங்குகிறவர் இதைத் தொடவேண்டாம், அந்தக் காசை நல்ல சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கரில் போடுங்கள். ஆடியோ கடைகள் இருக்கும் அடெல்ஃபியில் ஏறி இறங்கி, உங்களுக்குப் பழக்கமான படத்தின் ஒரு காட்சியைப் போட்டுக் கேட்டு வாங்குங்கள். கோபத்தில் நானும் ரிசீவரை விற்கப் போட்டேன். ஒருவர் பேரம் பேசாமல் கேட்ட விலைக்கே வந்தார். கொடுக்க மனமில்லை என்று சொல்லிவிட்டேன்.